பச்சை எரிகிறது

மின்சைக்கிளோடு தரும் 48 வோல்ட் சார்ஜரைச் சுவரில் மட்டும் செருகுங்கள். வண்டியில் செருக வேண்டாம். பச்சை விளக்கு எரியும். அடுத்து, முழுதாக ஏறிய பேட்டரியில் செருகுங்கள்; அப்போதும் பச்சை. பேட்டரிப் பெட்டியைத் திறந்து, ஃபியூஸைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள், மறுபடியும் பச்சைதான். முதல் முறை எதிரே பேட்டரியே இல்லை. இரண்டாம் முறை அது நிறைந்திருக்கிறது. மூன்றாம் முறை அது சுத்தமாகக் காலியாகக்கூட இருக்கலாம், வழி அறுந்திருக்கிறது. மூன்றுக்கும் சார்ஜர் தரும் பதில் ஒன்றே.

அது பொய் சொல்லவில்லை. சார்ஜரின் வெளிவழியில் ஒரு சிறிய மின்தடை இருக்கிறது. கரண்ட் அதன் வழியே ஓடும்போது அதன் இரு முனைகளுக்கிடையே சில பத்து மில்லிவோல்ட் தோன்றும். பெரும்பாலும் எல்.எம். 358 என்கிற எட்டுக்கால் சில்லு ஒன்று அந்த மில்லிவோல்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஓட்டம் வரையறுத்த அளவுக்கு மேல் இருந்தால் சிவப்பு, கீழே வந்தால் பச்சை. அதற்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். கரண்ட் ஓடவில்லை என்று அது சொல்கிறது. பேட்டரி நிறைந்துவிட்டது என்று நாம் வாசித்துக்கொள்கிறோம். எதிரே ஒன்றுமில்லை என்று சொல்ல மூன்றாவதாக ஒரு மஞ்சள் விளக்கை வைத்திருக்கலாம். செலவு சில ரூபாய்க்கு மேல் போகாது. வைக்க மாட்டார்கள். கடையில் பெட்டியைப் பிரித்துச் சுவரில் செருகிக் காட்டும்போது பச்சை எரிவது விற்பவருக்கும் பிடிக்கும், வாங்குபவருக்கும் பிடிக்கும்.

பேட்டரிக் கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "அண்ணே, செருகின உடனே பச்சை வந்துடுது. ஃபுல்லுன்னு காட்டுது. வண்டி மட்டும் நகர மாட்டேங்குது. சார்ஜர் போச்சா, மோட்டார் போச்சா?" கடைக்காரர் சார்ஜரை நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். "ரெண்டும் போகலை தம்பி. பெட்டியைக் கழட்டிக் கொண்டா."

லித்தியம் பேட்டரிகளோடு சில காலம் பழகியவர்களுக்கு ஒன்று புரிந்துவிடும். ஏற்றாமல் நிற்கும் சார்ஜர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஏற்ற முடியாமல் நிற்பது. மற்றது, ஏற்றக் கூடாது என்று நிற்பது. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவதை முதலாவதாக எண்ணிக்கொண்டு சரிசெய்ய இறங்கும்போதுதான் வினை தொடங்குகிறது.

இந்தச் சிக்கல் முன்பு இல்லை. தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. கூடவே கூடத்தின் மூலையில் ஒரு கறுப்பு ஈய-அமில பேட்டரியும் குடியேறியது. அதற்கு அளவுக்கு மேல் ஏற்றினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறும். மூடியைத் திருகித் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் கணக்கு நேராகிவிடும். கார்ட்லெஸ் போனிலும் பழைய டார்ச்சிலும் இருந்த நிக்கல்-கேட்மியம் செல்களுக்கும் பொறுமை உண்டு. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட்டை இரவெல்லாம் கொடுக்கலாம். காலையில் எடுக்க மறந்தாலும் கொஞ்சம் சுடும், அவ்வளவுதான். அந்தச் சார்ஜர்களைத் திறந்தால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், டையோடு, ஒரு மின்தடை. முடிவெடுக்க வேண்டிய அவசியம் அதற்கு இருக்கவில்லை, ஏனென்றால் தவறைப் பேட்டரியே பொறுத்துக்கொண்டது.

லித்தியத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. அது ஏன் என்பதற்கு, அந்த வேதியியல் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃபின் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்முனைக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டியது. 1985இல் ஜப்பானின் அசாஹி காசெய் நிறுவனத்தில் அகிரா யோஷினோ எதிர்முனைக்குக் கார்பனை வைத்து முழு செல்லை உருவாக்கினார். 1991இல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கும் முன்பே 1970களில் முதல் அடியை எடுத்துவைத்த ஸ்டான்லி விட்டிங்காமையும் சேர்த்து மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது வயது 97.

அவர் கண்ட பொருளில் கோபால்ட் ஆக்சைடு அடுக்கடுக்காக இருக்கும். அடுக்குகளுக்கு இடையில் லித்தியம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அங்கிருந்து கிளம்பி எதிர்முனையின் கிராஃபைட்டுக்குள் போய்ச் சேர்கிறது. ஏறத்தாழ பாதி லித்தியத்தைத்தான் அப்படி எடுக்கலாம். மேலும் எடுத்தால் அடுக்குகள் நிலைகுலையும், ஆக்சிஜன் விடுபடும். மறுபுறம், கிராஃபைட்டுக்குள் இடமில்லாத லித்தியம் உலோகமாகவே மேற்பரப்பில் படியும். எரியக்கூடிய திரவம் நடுவில் இருக்கிறது. தாண்டக் கூடாத இந்தக் கோட்டைத்தான் 4.2 வோல்ட் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பொதுவாக 0.05 வோல்ட் கூடலாம், குறையலாம். ஒரு விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். வீட்டில் நாம் தினமும் தொடும் பெரும்பாலான சாதனங்களிடம் இவ்வளவு துல்லியத்தைக் கேட்பதில்லை. இஸ்திரிப் பெட்டி பத்து டிகிரி கூடச் சுட்டால் யாருக்குத் தெரியும்?

ஆகவே சார்ஜர் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதலில் மாறாத கரண்ட்டைக் கொடுத்து 4.2 வோல்ட் வரை கொண்டுபோகும். பிறகு வோல்டேஜை அங்கேயே பிடித்துவைத்துக்கொண்டு, கரண்ட் தானாகக் குறைவதைப் பார்த்திருக்கும். தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காக அது இளைத்ததும் நிறுத்திவிடும். கடைசிப் பகுதி நத்தை வேகத்தில்தான் ஏறும். "எண்பது வரைக்கும் ஓடுது, அப்புறம் நிக்குது" என்று சார்ஜரைக் குறை சொல்பவர்கள் பார்ப்பது இதைத்தான். இன்னொரு குறையும் வரும்: புதிதாக வாங்கிய டார்ச் செல்லில் 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சடித்திருக்கிறது, ஆனால் சீக்கிரமே பச்சை வந்துவிடுகிறது, சார்ஜர் பாதியில் நிறுத்துகிறது என்று. 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 செல்லில் நல்ல தயாரிப்புகளே 3,500ஐ ஒட்டித்தான் கொள்ளும். சார்ஜர் சரியாகவே நிறுத்தியிருக்கிறது. பொய் உறையில் இருக்கிறது.

சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்து பிரியும் ரிச்சி தெருவில் டி.பி. 4056 போர்டு என்று கேட்டால் கட்டைவிரல் அகல நீலத் துண்டு ஒன்றை எடுத்துத் தருவார்கள். நான்ஜிங் நகரத்து நிறுவனம் ஒன்றின் சில்லு அது. தனி செல் சார்ஜர்களில் உலகம் முழுக்கப் பரவிக் கிடப்பதில் இதற்கு இணை குறைவு. அதில் 1.2 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்கும். ஒரு ஆம்பியர் கொடு என்று சில்லுக்குச் சொல்வது அதுதான். கூடுதல் வோல்டேஜை அது வெப்பமாகவே கழித்துவிடும். 5 வோல்ட் உள்ளே வந்து 3.7 வோல்ட் செல்லுக்குப் போனால் மீதி 1.3 வாட் அந்தக் கடுகளவு உடம்பில்தான் தீர வேண்டும். தொட்டால் சுடும். சுட்டால் அதுவே கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும். "சூடாகுது, மெதுவா ஏறுது, வேற போர்டு குடுங்க" என்று திரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள். வேறு போர்டும் சுடும்.

பழுது தேடுவதென்றால் நான் சுவரிலிருந்துதான் தொடங்குவேன். முதல் சந்தேகம் கேபிள் மேல். மெலிந்த யு.எஸ்.பி. கேபிளில் 28 கேஜ் கம்பி இருக்கும். மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம். மின்சாரம் போகவும் வேண்டும் வரவும் வேண்டும் என்பதால் ஒரு மீட்டர் கேபிளுக்கு 0.43 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.43 வோல்ட் போய்விடும். இரண்டு ஆம்பியர் என்றால் 0.85. ஐந்தில் கிளம்பியது 4.15ஆக வந்து சேர்ந்தால் அதைக் கொண்டு ஒரு செல்லை எப்படி 4.2க்கு ஏற்றுவது? ஏற்ற ஏற்றக் கரண்ட் சுருங்கும், சுருங்கச் சுருங்க வோல்டேஜ் கொஞ்சம் மீளும். இப்படி இழுத்துக்கொண்டே போய் நேரம் எங்கோ போய்விடும். இரவெல்லாம் சிவப்பு எரிந்தால் சார்ஜரைப் பிரிக்கும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மல்டிமீட்டரும் ஏமாற்றும். லோடு இல்லாமல் அளந்தால் செத்துக்கொண்டிருக்கும் அடாப்டரும் 5.1 வோல்ட் என்று மார்தட்டும். 5 ஓம் 10 வாட் வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றை முனைகளில் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: நல்லது ஐந்திலேயே நிற்கும், கெட்டது மூன்றுக்குச் சரியும். அளக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வேலை எதுவும் கொடுக்காமல் அளப்பது நம்முடைய பொதுவான பழக்கம்தான். இங்கே அது பத்து ரூபாய் ரெசிஸ்டரில் அம்பலமாகிறது.

யு.எஸ்.பி. சி வந்த பிறகு மறுப்பு நாகரிகமாகிவிட்டது. பழைய அகலத் துளை எப்போதும் 5 வோல்ட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யார் வந்து தொட்டாலும் கொடுத்தது. புதிய துளை அப்படிச் செய்யாது. எதிரே 5.1 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று இரண்டு தனிக் கால்களில் தேடிப் பார்க்கும். இருந்தால்தான் மின்சாரத்தைத் திறந்துவிடும். மலிவான டார்ச்சுகளிலும் டிரிம்மர்களிலும் அந்த இரண்டு மின்தடைகளைச் சில பைசாக்களை மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள். விளைவு, பழைய அடாப்டரில் ஏறுகிறது, விலை உயர்ந்த புது அடாப்டரில் ஏறவில்லை. வாங்கியவர் புது அடாப்டரைச் சந்தேகிக்கிறார். மலிவுக்காரர்கள் மட்டும் சறுக்கினார்கள் என்றும் சொல்ல முடியாது. 2019இல் வந்த ராஸ்ப்பெரி பை 4 கணினியில் இரண்டு கால்களுக்கும் சேர்த்து ஒரே மின்தடையை வைத்திருந்தார்கள். உள்ளே அடையாளச் சில்லு கொண்ட உயர்ரகக் கேபிள்களில் செருகினால், எதிரே இருப்பது ஏதோ ஒலிக்கருவி என்று எண்ணிக்கொண்டு அடாப்டர் கையை மடக்கிக்கொண்டது. நல்ல கேபிளில் வேலை செய்யாது, சாதாரணக் கேபிளில் செய்யும். பின்னர் போர்டைத் திருத்தினார்கள்.

இதற்கு முந்தைய தலைமுறையிலும் இப்படி ஒன்று உண்டு. யு.எஸ்.பி. கேபிளின் நான்கு கம்பிகளில் தகவலுக்கான இரண்டும் அடாப்டருக்குள் ஒன்றோடொன்று சேர்த்துவைக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டால் போன், இது கணினி இல்லை, சுவர் சார்ஜர், 1.5 ஆம்பியர் வரை எடுக்கலாம் என்று தெரிந்துகொள்ளும். தெரியாவிட்டால் பலவும் அரை ஆம்பியரிலேயே நின்றுவிடும். மின்சாரமே ஓடாத மெல்லிய கம்பி ஒன்று கழுத்தில் நைந்துபோனதற்காகப் போன் மெதுவாக ஏறுகிறது.

மின்சைக்கிள் சார்ஜரைத் திறப்பது வேறு விஷயம். 230 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே நேர்மின்சாரமானதும் 325 வோல்ட்டாக ஒரு கெபாசிட்டரில் தேங்கி நிற்கும். சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் அது இருக்கும். கெபாசிட்டரை இறக்காமல் கை வைக்கக் கூடாது, தெரியாதவர்கள் திறக்கவே கூடாது. தெரிந்தவர்களின் மேசையில் ஒரு சீரிஸ் பல்பு இருக்கும்: நூறு வாட் குண்டு பல்பை வழியில் தொடராக மாட்டி, அதன் வழியேதான் சார்ஜருக்கு மின்சாரம் கொடுப்பார்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு அணைந்தால் கெபாசிட்டர் நிரம்பியிருக்கிறது, முன்பக்கம் பிழைத்திருக்கிறது. நின்று பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட். குண்டு பல்பு வீடுகளிலிருந்து போய்விட்டது. பழுது பார்ப்பவர்கள் மட்டும் தேடித் தேடி வாங்கிவைத்துக்கொள்கிறார்கள்.

அங்கே நிஜமாகவே ஏற்ற முடியாமல் நிற்பவற்றைப் பார்க்கலாம். தலை உப்பிய கெபாசிட்டர்கள். வெப்பம் பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் கொள்ளும் கணக்கு. காற்றுத் துளையில்லாத பிளாஸ்டிக் பெட்டிக்குள், சித்திரை வைகாசியில், மேலே துணி வேறு போட்டு மூடிவைத்தால் கணக்கு வேகமாகத் தீரும். டிக், டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டு விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு உணவூட்டும் சிறிய கெபாசிட்டர் காய்ந்திருக்கும் என்று முதலில் அதைத்தான் மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும்.

என்னைக் கவர்ந்த உறுப்பு வேறு. டி.எல். 431 என்று ஒரு மூன்றுகால் பொருள், தன்னுள் 2.5 வோல்ட்டை அளவுகோலாக வைத்திருக்கிறது. வெளியே போகும் வோல்டேஜை இரண்டு மின்தடைகளால் வகுத்து அதனிடம் காட்டுகிறார்கள். கூடிவிட்டால் அது ஓர் ஒளிக் கடத்திக்குள் இருக்கும் அகச்சிவப்பு விளக்கை ஏற்றுகிறது. நடுவில் காற்றுபோல ஓர் இடைவெளி, கம்பித் தொடர்பு கிடையாது. மறுகரையில் இருக்கும் சில்லு அந்த வெளிச்சத்தைப் பார்த்து மின்சாரத்தைக் குறைக்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக்குக்குள் நம் கண்ணில் படாமல், படவே முடியாத நிறத்தில், ஓயாமல் கூடியும் குறைந்தும் எரிகிற அந்த விளக்கு சார்ஜரின் நிலையைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நமக்காக வெளியே வைத்திருக்கும் விளக்குக்கு இரண்டே வார்த்தைதான் தெரியும்.

அந்த வகுக்கும் மின்தடைகளில் ஒன்று வயதாகி மதிப்பு நழுவினால் சார்ஜர் சாகாது. தாராளமாகிவிடும். 48 வோல்ட் லித்தியம் பெட்டியில் 13 செல்கள் வரிசையாக இருக்கும். 13 பெருக்கல் 4.2, ஆக 54.6 வோல்ட். சார்ஜரின் வாயில் 57 காட்டினால் ஒவ்வொரு செல்லின் பங்கும் 4.38. விளக்குகள் எப்போதும்போலவே எரியும், வண்டி முன்பைவிடக் கொஞ்சம் தூரம்கூட ஓடும், யாரும் குறை சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள். பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் பாதுகாப்புப் போர்டு மட்டும் ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்தில் வழியை வெட்டிக்கொண்டிருக்கும். இதைவிட மோசமானது பழுதே இல்லாத சார்ஜர். 48 வோல்ட் என்று எழுதியிருக்கும் ஈய-அமில சார்ஜர் 58ஐ ஒட்டிக் கொடுக்கும். இரண்டுக்கும் ஒரே மாதிரி பிளக்கு வைத்து விற்கிறார்கள். பக்கத்து வீட்டு வண்டியின் சார்ஜரை அவசரத்துக்கு வாங்கிப் போடுகிறவருக்கு அது பொருந்துகிறது என்பதே போதுமானதாக இருக்கிறது.

தீ என்றால் முதலில் சார்ஜரைத்தான் பிடிப்பார்கள். 2013 ஜனவரி 7 அன்று பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸின் போயிங் 787 விமானத்தில் துணை மின் அலகின் பேட்டரி பற்றியது. ஒன்பது நாள் கழித்து, ஆல் நிப்பான் ஏர்வேஸின் 787 ஒன்று பேட்டரிப் புகையால் ஜப்பானின் தகமட்சுவில் அவசரமாக இறங்கியது. உலகெங்கும் அந்த ரக விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. பேட்டரி, கியோட்டோவின் ஜி.எஸ். யுவாசா செய்தது: எட்டு பெரிய கோபால்ட் செல்கள், உச்சம் 32 வோல்ட். அளவுக்கு மேல் ஏற்றியதுதான் காரணம் என்று எல்லோருக்கும் தோன்றியது. சார்ஜர் செய்த அரிசோனா நிறுவனத்தில் 2006இல் இதே பேட்டரியின் சோதனையின்போது தீப்பிடித்துக் கட்டடம் எரிந்துபோன கதையும் வெளியே வந்தது. ஆனால் விமானத்தின் பதிவுக் கருவியைப் படித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பாஸ்டன் பேட்டரி 32 வோல்ட்டைத் தாண்டவில்லை என்று சில நாட்களிலேயே சொல்லிவிட்டது. 2014 இறுதியில் வந்த அறிக்கை, ஒரு செல்லுக்குள்ளேயே ஏற்பட்ட ஷார்ட்டையும் அது அடுத்தடுத்த செல்களுக்குப் பரவியதையும் காரணமாகச் சொன்னது. அந்தச் சாத்தியத்தை வடிவமைப்பில் எதிர்பார்க்காத போயிங்கையும் அதைக் கேட்டு வாங்காத அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தையும் சாடியது.

அந்த விவகாரத்தில் ஒரு துணைச் செய்தி அவ்வளவாகப் பேசப்படவில்லை. விபத்துகளுக்கு முந்தைய மாதங்களில் ஆல் நிப்பான் பத்துப் பேட்டரிகளை மாற்றியிருந்தது. அவற்றில் ஐந்தில் சார்ஜ் எதிர்பாராத அளவுக்குக் கீழே போயிருந்தது. அப்படிக் கீழே போன பேட்டரி தன்னைப் பூட்டிக்கொள்ளும், மறுபடி ஏற்ற விடாது, அது பாதுகாப்புக்கான ஏற்பாடு என்றது போயிங். ஏற மறுத்த அந்தப் பேட்டரிகள் பராமரிப்புத் தொல்லையாகவே கணக்கில் எழுதப்பட்டன. விமானங்கள் மீண்டும் பறந்தபோது பேட்டரிக்கு இரும்புப் பெட்டி வந்தது. குற்றமற்றது என்று விடுவிக்கப்பட்ட சார்ஜரின் உச்ச வரம்பையும் கீழே இறக்கியிருந்தார்கள். 2016இல் சாம்சங் நோட் 7 எரிந்தபோதும் கேபிள் சார்ஜிங், வயர்லெஸ், வேக சார்ஜிங் என்று எல்லாவற்றையும் சோதித்தார்கள். கடைசியில் இரண்டு வெவ்வேறு ஆலைப் பேட்டரிகளில் இரண்டு வெவ்வேறு குறைகள்.

சரி, மறுப்புக்கு வருகிறேன். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு இலை போட்டுச் சோறு வைக்க மாட்டார்கள். கஞ்சித் தண்ணீரில்தான் தொடங்குவார்கள். 2.9 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும் செல்லுக்கு டி.பி. 4056 பத்தில் ஒரு பங்கு கரண்ட்டைத்தான் கொடுக்கும். ஏறினால் முழு அளவுக்குப் போகும். காரணம் செம்பு. எதிர்முனையின் கிராஃபைட் மெல்லிய செம்புத் தகட்டின் மேல் பூசப்பட்டிருக்கிறது. செல் மிகவும் கீழே போனால் அந்தச் செம்பு கரையத் தொடங்கும். மறுபடி ஏற்றும்போது கரைந்தது வேறெங்கோ படிந்து, இரண்டு முனைகளுக்கும் நடுவே பாலம் போடலாம். அப்படி ஒரு செல் ஏறவும் செய்யும், சில வாரம் ஒழுங்காக ஓடவும் செய்யும்.

இதிலேயே ஒரு முடிச்சும் இருக்கிறது. பாதுகாப்புப் போர்டு, செல் 2.4 வோல்ட் வாக்கில் இறங்கியதும் வழியை மூடிவிடும். வெளியே மல்டிமீட்டர் வைத்தால் பூஜ்யம். அறிவாளியான சார்ஜர் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து, எதிரே பேட்டரி இல்லை என்று நின்றுவிடும். சார்ஜர் வந்தால் கதவைத் திறக்கலாம் என்று போர்டு காத்திருக்கும். இரண்டும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்கின்றன. பேட்டரி செத்துவிட்டது என்று குப்பைக்குப் போகிறது. இந்த இடத்தில் பூஸ்ட் பண்ணுவது, அதாவது சிறு கரண்ட்டை ஓரிரு கணம் வெளியிலிருந்து கொடுத்துப் போர்டை எழுப்புவது, முறையான வைத்தியம். அதே பூஸ்ட்டை 2 வோல்ட்டுக்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்த செல்லுக்குக் கொடுப்பது விபரீதம். வெளியே இரண்டுக்கும் பூஜ்யம்தான் காட்டும். உறையைக் கிழித்து, போர்டைத் தாண்டி, செல்லின் சொந்தத் தகடுகளில் முனை வைத்தால்தான் எது எது என்று தெரியும். பூஸ்ட் பண்ணித் தருகிற எல்லாக் கடைகளிலும் உறையைக் கிழிக்கிறார்களா என்றால், இல்லை.

வெப்பம் இன்னொரு காரணம். செல் தயாரிப்பாளர்கள் ஏற்றுவதற்குக் கொடுக்கும் எல்லை பொதுவாக 0 முதல் 45 டிகிரி வரை. அக்னி நட்சத்திர மதியத்தில் ஆட்டோவின் முன்கண்ணாடிக்குக் கீழே மாட்டிய போன் வழிகாட்டிக்கொண்டே சார்ஜை நிறுத்திவிடும். ஓட்டுநர் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவார். கடையில் வாங்கும் நீலப் போர்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. டி.பி. 4056இல் வெப்பத்தைக் கேட்டறிய ஒரு கால் உண்டு. ஆனால் அந்தப் போர்டுகளில் பெரும்பாலும் அதைத் தரையோடு இணைத்து வாயை அடைத்திருப்பார்கள். நேரக் கணக்கும் அதனிடம் இல்லை. விலை கூடிய சார்ஜர் சில்லுகளில், கஞ்சிக் கட்டத்திலிருந்து அரை மணியில் செல் மீளாவிட்டால் கைவிடும் ஏற்பாடு இருக்கும். டி.பி. 4056 உள்ளே ஷார்ட்டான செல்லுக்கும் நாள் முழுக்கச் சிவப்பை எரியவிட்டுக்கொண்டு ஊற்றிக்கொண்டே இருக்கும்.

2022இல் இந்தியாவில் பல ஊர்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தன. வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த வண்டி எரிந்து தந்தையும் மகளும் இறந்தார்கள். ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகம் நிபுணர் குழு அமைத்தது. அதன் பின் மின் வண்டிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளில் சேர்த்தவற்றுள் சார்ஜர் பற்றியவையும் உண்டு: உச்சத்தில் வெட்ட வேண்டும், மென்மையாகத் தொடங்க வேண்டும், பேட்டரி ஆழத்துக்கு இறங்கியிருக்கிறதா என்று ஏற்றும் முன் பார்க்க வேண்டும். மறுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது சட்டமாகிவிட்டது. சட்டம் புது வண்டிகளுக்கு. பழைய சார்ஜர்களும், பெட்டியில் பெயரே இல்லாத சார்ஜர்களும் சந்தையில் அப்படியே இருக்கின்றன.

எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர், சில்லு செய்யாததைக் கையால் செய்கிறார். பழைய பெட்டிகளிலிருந்து கழற்றிய செல்லைச் சார்ஜரில் போட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அரை மணியில் 3 வோல்ட்டைத் தொடாதது ஒதுக்கப்படும். அதற்குள் சுட்டதும் ஒதுக்கப்படும். ஏறியதை உடனே நம்ப மாட்டார். 4.2 என்று மார்க்கரால் செல்லின் மேலேயே எழுதி, தேதி போட்டு, எதிலும் இணைக்காமல் அட்டைப் பெட்டியில் இரண்டு வாரம் வைப்பார். திரும்ப அளக்கும்போது 4க்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளே எங்கோ கசிகிறது. அவற்றின் முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் சேர்த்து, மின்கழிவு எடுப்பவர் வரும்போது கொடுப்பார். பழைய இரும்புக்காரரிடம் போடுவதில்லை. தேறியவற்றை டார்ச்லைட்டுக்கு என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு. எந்தச் சார்ஜர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார். எடுத்துவந்து காட்டச் சொல்வார். காட்டிய பிறகும் சிலருக்குக் கொடுக்க மாட்டார். அவர்கள் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள், அங்கே கிடைக்கும்.